நீல அறைக்குக் குடிவந்தவர்

செத்துப்போன ஒருவரை நாற்காலியிலிருந்து எழுப்புவதா வேண்டாமா என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது. கும்மிடிப்பூண்டியில், உச்சி வெயிலில், ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. எழுப்பினால் ஒரு பெண்ணுக்குத் தன் புருஷனின் உருப்படியான ஒரே படம் போய்விடும். எழுப்பாவிட்டால் இன்னொரு பெண்ணின் இரண்டு வருட உழைப்பு வீணாகிவிடும். இரண்டு பேரையும் அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திய பெருமை என்னுடையது. கொலை கிலை செய்து மாட்டியிருந்தாலாவது வெளியே சொல்லிக்கொள்ள ஒரு கெத்து இருந்திருக்கும். நான் செய்ததெல்லாம் சும்மா கிடந்த ஓர் அறையில் ஆளை உட்கார வைத்ததுதான்.

பஜாரிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அப்போது எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. தொழிற்பேட்டைக்குள் வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கழுத்தில் தொங்கிய கேட் பாஸில் இருந்தது நான் எடுத்த முகம். ஒருவர்கூட அதில் சிரித்திருக்க மாட்டார். சிரித்த முகத்தோடு படம் இருந்தால், காலை ஆறு மணி ஷிப்டுக்கு வருகிற முகத்தைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் "இது நீ இல்ல" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒருநாள் சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பதுக்குள் இருக்கும். கதர் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ, விரல் நகங்களில் எல்லாம் பெயின்ட். ஓவியராம். தொழிற்பேட்டையில் மூடிக் கிடந்த ஓர் உருக்காலை ஷெட்டை வாடகைக்கு எடுத்திருப்பதாகவும், அங்கே ஒரு படம் எடுக்கப்போவதாகவும், குடை விளக்கு இரண்டு வேண்டும், கூடமாட உதவிக்கு ஆளும் வேண்டும் என்றும் சொன்னார். படம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக் கதவை இழுத்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு, நானே கிளம்பிவிட்டேன்.

ஷெட்டுக்குள் போனால், ஆனையைக் கட்டலாம் போன்ற அந்த இருட்டின் நடுவே ஒரு வீட்டு ஹால் நின்றுகொண்டிருந்தது. மூன்று சுவர்தான். நான்காவது பக்கம் திறந்து கிடந்தது. சுவரில் வெளிறிய நீல நிறம். இடது பக்கம் ஒரு ஜன்னல். சிவப்புச் சிமென்ட் தரை. நடுவில் கை வைத்த ஒரு மர நாற்காலி. தரையைத் தொட்டுப் பார்த்தேன். பிளைவுட்! சிமென்ட் இல்லை, பெயின்ட். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் தெருவும் இல்லை, மரமும் இல்லை, ஒரு வெள்ளை வேட்டி தொங்கியது. அதற்குப் பின்னால் என் குடை விளக்கை வைத்தால் அதுதான் சூரியன் என்றார். பதினைந்து வருஷமாக என்னிடம் இருந்த விளக்கு. அதற்கு இப்படி ஒரு பதவி உயர்வு வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"ஹீரோ யாரு மேடம்?"

"யாரும் இல்லை சார்."

"அப்போ ஹீரோயின் சப்ஜெக்டா?"

"யாருமே வர மாட்டாங்க. ரூம் மட்டும்தான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் அந்த அம்மா செய்த வேலையைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் முழுசாகத் தீரவில்லை. புதுசாக அடித்த சுவரை அழுக்காக்க ஒரு வாரம். சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கை பட்டுப் பட்டுக் கறுத்திருக்குமே, அந்தக் கறையை டீ டிகாக்ஷனில் பஞ்சைத் தொட்டு ஒற்றி ஒற்றி வரவழைத்தார். எங்கள் வீட்டில் அதே கறையை எடுக்க என் மனைவி சோப்புத் தூளோடு பத்து வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தாள். பின் சுவரில் ஓர் ஆணி அடித்து, அதற்குக் கீழே ஒரு நீள்சதுரத்தை மட்டும் கொஞ்சம் அடர்ந்த நீலமாக விட்டார். ஏதோ ஒரு படம் பல வருஷம் மாட்டியிருந்து, யாரோ அதைக் கழற்றிக்கொண்டு போனதுபோல. அந்தக் கட்டத்துக்கு மட்டும் மூன்று நாள்.

ஆணி வெறுமனே இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், மறுநாள் கடையிலிருந்து ஒரு முருகன் காலண்டரைக் கொண்டுபோய் மாட்டினேன். அவர் கழற்றிச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அதற்கடுத்த நாள் மத்தியானம் கால் கடுக்கிறதே என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். அப்போதுதான் அந்த அம்மாவின் குரல் எவ்வளவு உயரம் போகும் என்று தெரிந்தது.

"சார்! எழுந்திருங்க! தயவுசெஞ்சு எழுந்திருங்க!"

பாம்பு கீம்பு என்று நினைத்து நான் எகிறியதில் புளிசாதம் சிவப்புத் தரையெல்லாம் கொட்டியது. அவர் மண்டியிட்டு ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினார். பிறகு நாற்காலி மேல் மெல்லிய துணியில் தூசியைக் கட்டி, மறுபடி சலித்துத் தூவினார்.

"இதுல யாரும் உக்காந்ததே இல்லை சார். உக்காந்தா படத்துல தெரியும்."

"ஆனா யாரோ இருந்த மாதிரிதானே மேடம் பண்றீங்க? கறை, ஆணி எல்லாம்?"

"ஆமாம். இப்பதான் எழுந்து போன மாதிரி இருக்கணும். ஆனா யாரும் உக்காந்திருக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அந்த அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் வெயிலு ஏறிக்கினு இருக்குது."

கடைசியில் படம் எடுத்தார். துருத்தி வைத்த பெரிய மரப்பெட்டிக் கேமரா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம். அதற்கு முன்னால், விளக்கு சரியாக விழுகிறதா என்று பார்க்கச் சின்ன டிஜிட்டல் கேமராவில் சில படங்கள் எடுத்திருந்தார். நிஜப் படம் பிலிமில். இது வெறும் ஒத்திகை. அந்த ஒத்திகைப் படங்களை என் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சிடியில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனால் ஆட்கள் சம்மட்டியோடு அறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் தனியே கிடந்தது. நீலச் சுவர் நாலு துண்டு. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இன்னா மேடம் இது! கிரகப்பிரவேசம்கூட ஆகல!"

"படம் ஒண்ணுதான் இருக்கணும் சார். ரூம் இருக்கக் கூடாது. வேற எங்கயும் இருக்கக் கூடாது." நாற்காலியை மட்டும் வேனில் ஏற்றிக்கொண்டார். ஏறுவதற்கு முன் திரும்பி, "உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறதையும் அழிச்சிட்டீங்கல்ல?" என்றார்.

"அழிச்சிட்டேன் மேடம்."

அழிக்கவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. எங்கள் தொழிலில் எதையும் அழிக்கிற வழக்கமே கிடையாது. போன வருஷம் "நல்லா இல்ல, வேணாம்" என்று விட்டுவிட்டுப் போன முகத்தைத் தேடி இந்த வருஷம் வீட்டார் அழுதுகொண்டு வருவார்கள். யாருக்கு எப்போது எது தேவைப்படும் என்று ஸ்டுடியோக்காரனால் சொல்ல முடியாது.

தேவைப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆந்திர எல்லைப் பக்கத்து ஊர். பேச்சில் தெலுங்கு வாடை. புருஷன் கம்பி உருட்டுகிற ஆலையில் வேலை பார்த்தவர், மஞ்சள்காமாலையில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். கையில் இருந்தது கேட் பாஸ் மட்டும். அதில் நான் எடுத்த சிரிக்காத முகம்.

"முழுசா வேணும் நைனா. உக்காந்துகினு இருக்கிற மாதிரி."

இது எங்களுக்கு அன்றாட வேலை. தலையை வெட்டி ஓர் உடம்பில் ஒட்டி, பின்னால் ஒரு காட்சியை வைப்போம். உடம்பு யாருடையது என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். என்னுடையது. கடை திறந்த புதிதில் வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் மாமனார் போட்ட வாட்ச்சோடு ஸ்டூலில் உட்கார்ந்து நானே டைமர் வைத்து எடுத்துக்கொண்ட படம். அந்த வட்டாரத்தில் இறந்துபோன ஆண்களில் பல பேர் கழுத்துக்குக் கீழே நான்தான்.

பின்னணிக்கு ஆல்பத்தைக் காட்டினேன். சுவிட்சர்லாந்து மலை.

"அவரு அங்க இன்னா பண்ணுவாரு? குளுரும்."

அருவி.

"நனைஞ்சிருவாரு."

அரண்மனைப் படிக்கட்டு.

"வேணாம் நைனா. யாராச்சும் எழுப்பி உட்ருவாங்க." ஆல்பத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "பதினேழு வருசம் லைன் ஊட்லயே இருந்தாரு. ஒரே ரூமு. நாலு பேரும் படுத்தா காலு நீட்ட முடியாது. ஒரு ஊட்ல, ஹால்ல, நாற்காலி போட்டு ஒரு நாளு உக்காந்தது இல்ல. அந்த மாதிரி ஏதாச்சும் இருந்தா பாரு."

நான் கம்ப்யூட்டரில் துழாவினேன். நீல அறை திரையில் வந்தது. அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது யாரு ஊடு?"

"யாரு ஊடும் இல்லம்மா."

"அப்போ காலியாத்தான் இருக்குது?"

"காலியாத்தான் இருக்குது."

"இதுவே போதும்," என்றார், பூட்டைத் திறந்து வீட்டைக் காட்டிய தரகரிடம் சொல்வதுபோல.

ஒட்டினேன். பின் சுவரிலிருந்த அந்தக் கட்டம் பார்ப்பதற்கு ஓட்டை மாதிரி இருந்ததால் அதன் மேல் ஒரு வெங்கடாசலபதியை மாட்டினேன். சுவிட்ச் போர்டுக் கறையைச் சுத்தமாகத் துடைத்தேன். ஒரு வாரம் டீ டிகாக்ஷன் போட்டு வரவழைத்த கறை; எனக்கு நாலு நிமிஷம். பெருமையாகக்கூட இருந்தது.

பதினாறாம் நாள் எங்களையும் சாப்பிட அழைத்திருந்தார். மனைவியோடு போனேன். லைன் வீட்டின் சின்ன அறையில், சுவரில் பெரிய படம். சந்தனப் பொட்டு, ரோஜா மாலை, ஊதுபத்தி. வந்தவர்கள் எல்லாரும் "உயிரோட உக்காந்துகினு இருக்கிற மாதிரியே இருக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். என் மனைவி மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முழங்கையைக் கிள்ளினாள்.

"யோவ், அந்தக் கை யாருது?"

"எந்தக் கை?"

"மாலைக்குக் கீழ இருக்குதே, அந்தக் கை. அந்த வாச்சு எங்கப்பா போட்டதுதானே?"

"மெதுவா பேசு."

"இன்னா மெதுவா பேசு? கழுத்துக்குக் கீழ என் புருசனுக்கு மாலை போட்டு ஊதுபத்தி காட்டிகினு இருக்காங்க. நான் இப்போ இன்னா பண்றது, சாப்பிடறதா, அழுவறதா?"

சாப்பிட்டாள். ஆனால் வீடு வரும்வரை என்னைவிட்டு நாலடி தள்ளியே நடந்தாள்.

அன்று அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் வாயால் விஷயம் பரவியது. "அந்த நீல ரூமுல வெச்சுக் குடு" என்று வர ஆரம்பித்தார்கள். பழவேற்காட்டிலிருந்து வந்த ஒரு மரைக்காயர் வீட்டுக்காரருக்கு, அவர் வாப்பாவை அதே நாற்காலியில் உட்கார வைத்து, கட்டத்தில் காபா படம் மாட்டிக் கொடுத்தேன். உயிரோடு இருக்கிற புது ஜோடிகளும் கேட்டார்கள். ஒரு ஜோடியை நாற்காலியின் இரண்டு பக்கமும் நிற்க வைத்து, பெரிதாகப் பிரின்ட் போட்டு, கடை ஷோகேஸில் மாட்டினேன். மூளை இருக்கிறவன் செய்வானா? நான் செய்தேன்.

பத்து மாதம் கழித்து ஒரு வேன் வந்து நின்றது. அந்த அம்மா கையில் ஓர் அழைப்பிதழோடு இறங்கினார். இரண்டு வருஷ வேலையை வைத்துச் சென்னையில் கண்காட்சி நடத்துகிறாராம். இன்னும் இரண்டு வாரம் இருந்தது. என்னை மறக்காமல் நேரில் அழைக்க வந்திருக்கிறார். ஷோகேஸ் முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது.

நான் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"எத்தனை பேர் சார்?"

"உயிரோட இருக்கிறவங்களையும் சேர்த்தா மேடம்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், என் தலையையும் வெட்டி வேறு உடம்பில் ஒட்டிக்கொண்டுவிடலாமா என்று இருந்தது. ஆல்பத்தை எடுத்து முன்னால் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அதே நாற்காலி. அதே ஜன்னல். பெருமாள், காபா, மாதா, பெருமாள், பிள்ளையார்.

"அந்தக் கட்டத்தை எல்லாத்துலயும் மூடியிருக்கீங்க," என்றார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். "கண்காட்சியில முதல் படமே அதுதான் சார். யாரும் உக்காராத ரூம்னுதான் அதோட பேரே. இங்கயிருந்து ஒருத்தர் வந்து பார்த்து, 'இதுல எங்க மாமா உக்காந்திருக்கார்'னு சொன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

"எல்லாத்தையும் திருப்பி வாங்கிடறேன் மேடம்."

"கண்காட்சிக்கு முன்னாடி. ஒண்ணு விடாம."

ஒரே வாரத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். சுவிட்சர்லாந்து மலைக்கு இலவசமாக மாற்றித் தருகிறேன் என்றதும் ஜோடிகள் துள்ளிக் குதித்தன. மரைக்காயர் வீட்டுக்காரர் ஏற்கெனவே வாப்பாவுக்கு மாடி வீடு கேட்கலாம் என்று இருந்தாராம். பாக்கி ஒன்றே ஒன்று, முதலில் குடிவந்தவர்.

லைன் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தும், வாயில் வந்தது இதுதான்:

"அந்த ரூமுக்குச் சொந்தக்காரங்க வந்துட்டாங்கம்மா. படத்தைத் திருப்பிக் கேக்கறாங்க."

முறம் நின்றது.

"யாரு ஊடும் இல்லன்னு சொன்ன?"

"சொன்னேன்..."

"எல்லா ஹவுஸ் ஓனரும் இப்படித்தான். காலியா கெடக்கும்போது வர மாட்டாங்க. ஒருத்தரு வந்து உக்காந்து கொஞ்சம் நல்லா இருந்தா வந்துருவாங்க." சுவரைப் பார்த்தார். "வருசத் திதி வரைக்கும் டைம் கேளு நைனா. ரெண்டு மாசம். அதுக்குள்ள இவரைக் காலி பண்ணச் சொன்னா நான் எங்க கொண்டுபோயி வெப்பேன்?"

பதினேழு வருஷத்தில் அவர்கள் ஆறு லைன் வீடு மாறியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் டைம் கேட்டிருப்பார் போல. வாக்கியம் நாக்கிலேயே தயாராக இருந்தது.

விஷயத்தை ஓவிய அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "நானே வரேன்" என்றார்.

வந்தார். என் மனைவியும் கூட வந்தாள். "நீ தனியாப் போனா அந்த அம்மாகிட்ட என் தலையையும் எதுலயாச்சும் ஒட்டித் தர்றேன்னு ஒத்துக்குவ" என்பது அவள் கட்சி. ஆக, நான் முதலில் சொன்ன பஞ்சாயத்து கூடியது. ஆஸ்பெஸ்டாஸ் கொதித்தது. அந்தப் பெண் பாயை உதறிப் போட்டார், உட்காரவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் முன்னால் குடியிருப்பவர் நிற்பதுபோல நின்றார்.

"நல்ல மனுசன் மா இவரு," என்று ஆரம்பித்தார். "பீடிகூட வெளிய போயித்தான் குடிப்பாரு. சத்தம் கித்தம் கெடையாது. செவுத்துல ஒரு ஆணி நாங்க அடிக்கல. அது மொதல்லயே இருந்துது, நைனாவைக் கேளு."

ஓவிய அம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ரூமே இல்லைம்மா," என்றார் அவர் மெதுவாக. "இடிச்சாச்சு. படம் எடுத்த மறுநாளே."

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது. "இடிச்சிட்டியா? நல்லா இருந்த ஊட்ட?" படத்தின் பக்கம் திரும்பினார். "அப்போ இவரு இத்தினி நாளா எங்க உக்காந்துகினு இருக்காரு?"

பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. ஓவிய அம்மா எழுந்து படத்துக்கு முன்னால் போய் நின்றார். கழற்றப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் மாலையை மட்டும் ஒரு விரலால் ஒதுக்கினார்.

"நிழல் தப்பு," என்றார்.

"மேடம்?"

"ஜன்னல் இடது பக்கம் இருக்கு. இவர் நிழலும் இடது பக்கமே விழுது. கால் தரையில படவே இல்லை, மிதக்கறார். இந்த உடம்பு யாரோடது?"

இருபத்திரண்டு வருஷ அனுபவம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. அந்த ஜன்னலின் சூரியனே என் விளக்குதான்!

"என்னுது மேடம்."

"அவருக்குத் தொப்பை இல்ல," என்றார் அந்தப் பெண். "அன்னிக்கே சொல்லலாம்னு பார்த்தேன். செத்த ஊட்ல இன்னா சொல்றதுன்னு உட்டுட்டேன்."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓவிய அம்மாவுக்கும் எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. பாயில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணையும் உட்காரச் சொன்னார்.

"இவர் இருக்கட்டும். ஆனா இப்படி இல்லை. சரியா உக்கார வெச்சுத் தரேன். அந்த சாமி படம் மட்டும் வேணாம். அந்தக் கட்டம் காலியாவே இருக்கணும்."

"ஏன், சாமி மாட்டினா ஹவுஸ் ஓனருக்கு ஆவாதா?"

"அங்க ஒரு படம் இருந்துது. யாரோ கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அது தெரியணும்."

அந்தப் பெண் யோசித்தார். "எங்களுக்கு முன்னாடி குடியிருந்தவங்களா?"

மூன்று வாரம் அந்த அறையோடு கிடந்தவன் நான். அதில் யாரும் இருந்ததில்லை, யாரும் உட்கார்ந்ததில்லை என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். அந்த அம்மா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்," என்றார். "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க."

"அப்போ சரி. அவங்க அடையாளம் இருந்துட்டுப் போவுது."

இரண்டு நாள் கழித்து வேனில் அந்த நாற்காலி என் கடைக்கு வந்து இறங்கியது. அந்தப் பெண் ஒரு துணிப்பையில் புருஷனின் கட்டம் போட்ட சட்டையும் லுங்கியும் கொண்டுவந்திருந்தார். கடையில் எடுத்து, பிறகு அறைப் படத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு. உட்கார ஆள் வேண்டுமே. உயரம் பொருந்துகிற ஆள் அங்கே நான்தான். சட்டையில் நாலாவது பொத்தான் போடவே முடியவில்லை.

"உள்ள இழு நைனா," என்றார் அந்தப் பெண்.

இழுத்தேன். முன்பு "எழுந்திருங்க" என்று கத்திய அதே அம்மா, அதே நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க சார்" என்றார். உட்காரவே பயமாக இருந்தது. விளக்கை அவரே இடது பக்கம் தள்ளிவைத்தார். கறுப்புத் துணிக்குள் போகப்போனவரை அந்தப் பெண் நிறுத்தினார்.

"அப்படி உக்கார மாட்டாரு. ஒரு காலை மடிச்சு மேல வெச்சுக்குவாரு. அந்தக் காலு இல்ல, இது." அருகில் வராமல், எட்ட நின்றே கையால் காட்டினார். "ம். கை சும்மா இருக்காது அவருக்கு. கட்டவெரலால நாற்காலிக் கையத் தேய்ச்சிகினே இருப்பாரு."

தேய்த்தேன். விளக்குக் குடையைப் பிடித்து நின்ற என் மனைவி அதைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் மணிக்கட்டிலிருந்து வாட்ச்சைக் கழற்றினாள். கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

படம் எடுத்தாகிவிட்டது என்று அந்த அம்மா துணிக்கு வெளியே வந்தார். நான் மூச்சை விட்டு எழுந்திருக்கப்போனேன்.

"இரு," என்றார் அந்தப் பெண். என்னைப் பார்த்து இல்லை. கழுத்துக்குக் கீழே பார்த்து. "இன்னும் கொஞ்ச நேரம்."

ஓவிய அம்மா விளக்கை அணைக்கவில்லை. நான் தொப்பையை உள்ளே இழுத்தபடி, கட்டைவிரலால் நாற்காலிக் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.